மருத்துவச்சி: ஒரு பெயர் நடந்த வழி

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "லேடி டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன் அக்கா" என்று சொன்னால், எதற்காகப் போகிறாள் என்று அந்த அக்கா திரும்பக் கேட்பதில்லை. "எத்தனாம் மாசம்?" என்றுதான் கேட்பாள். கண் நோவுக்கும் பல் நோவுக்கும் பார்க்கும் மருத்துவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் டாக்டர், பல் டாக்டர் என்றே பெயர். கருவுற்றவளைப் பார்ப்பவருக்கு மட்டும் லேடி டாக்டர் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. சொல்லைப் பிரித்தால் கிடைக்கும் பொருள் பெண் மருத்துவர். வழக்கில் வழங்கும் பொருள் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவர்.

இதே ஊரில் மூத்த தலைமுறையின் வாயில் அவ்விடத்தில் இருந்த சொல் மருத்துவச்சி. அதையும் பிரித்துப் பாருங்கள்: மருத்துவனுக்குப் பெண்பால் மருத்துவச்சி, ஆகவே சொற்பொருள் பெண் மருத்துவர். வழக்கிலோ அதுவும் பேறு பார்ப்பவளைத்தான் குறித்தது. ஒன்று வேரும் விகுதியும் தமிழாக அமைந்த சொல். மற்றொன்று இரண்டு துண்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த சொல். பிறப்பால் எவ்வகையிலும் உறவில்லாத இவ்விரண்டு பெயர்களும் ஒரே பொருள்வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடச் சொல்லை விரும்பும் நெஞ்சம் ஒப்பாது. தமிழ் பேசுவோரின் மனத்தில் பெண், மருத்துவம், பேறு என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இவ்விரு பெயர்களைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. அந்தப் பின்னலை இழை இழையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் இழை மருந்து. இது நம் மொழிக்குடும்பம் முழுவதற்கும் பொதுவான பழஞ்சொல். மலையாளத்தில் மருந்நு, கன்னடத்தில் மத்து, தெலுங்கில் மந்து என்று, நடுவிலுள்ள மெய்யெழுத்துகள் அவ்வம்மொழியின் ஒலிப்போக்குக்கு ஏற்பத் திரிந்தும் மறைந்தும் நிற்க, பொருள் மட்டும் பிறழாமல் எல்லா வீடுகளிலும் ஒன்றாகவே இருக்கிறது. மருக்கொழுந்தில் இருக்கும் மரு, அதாவது மணம், இதற்கு வேராகலாம் என்று கொள்வோர் உண்டு. மணமுள்ள பச்சிலையே முதல் மருந்து என்பது அவர்கள் கருத்து. காவிரிக் கரையின் அடுக்களைகளில் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்து வெல்லப் பாகில் கிளறும் லேகியத்தைத் 'தீபாவளி மருந்து' என்று சொல்லும்போதும், பிள்ளை பெற்றவளுக்கு அதையொத்த ஒன்றைச் செய்து நெய் ஊற்றிக் கொடுக்கும்போதும், அந்த மணமும் சொல்லும் ஒன்றாகவே வீட்டில் பரவுவதைப் பார்த்தவர்களுக்கு அக்கருத்து இனிக்கும்.

மருந்து என்ற மென்றொடர், விகுதி ஏற்கும்போது வலித்து மருத்து ஆகிறது. இரும்பு இருப்பாகி இருப்புப்பாதை ஆவதும், கரும்பு கருப்பாகிக் கருப்பஞ்சாறு ஆவதும் போல. மருத்தோடு ஆண்பால் விகுதி சேர, உடம்படுமெய் நடுவே நின்று, மருத்துவன் பிறந்தான். வேட்டுவனுக்கு வேட்டுவச்சி, தமிழனுக்குத் தமிழச்சி என்ற முறையில் மருத்துவனுக்கு மருத்துவச்சி வந்தாள். அந்த ஈற்றின் ஓசையைச் சற்று நின்று கேளுங்கள். ஆய்ச்சி, இடைச்சி, ஆச்சி, அம்மாச்சி என்று நாம் உரிமையோடு அழைக்கும் எத்தனையோ பெயர்கள் அந்த இரட்டைச் சகரத்தில்தான் முடிகின்றன. மருத்துவன் என்று சொல்லும்போது நாக்கு ஒரு தொழிலைச் சொல்லி நின்றுவிடுகிறது. மருத்துவச்சி என்னும்போது ஓர் உறவையும் சேர்த்துச் சொல்கிறது.

மருத்துவன் பழைய சொல். புறநானூற்றிலும் அகநானூற்றிலும் பாடல் உள்ள புலவருள் ஒருவர் மருத்துவன் தாமோதரனார். பரிபாடல்களுக்குப் பண் வகுத்தோருள் ஒருவர் மருத்துவன் நல்லச்சுதனார். பாட்டும் பண்ணும் அறிந்தவர்கள் தம் பெயருக்கு முன் பெருமையோடு தாங்கிய அடை அது. வானுலகத்து அசுவினி தேவர் இருவரையும் தமிழ் மருத்துவர் என்றே பெயரிட்டு வணங்கியது. வள்ளுவரோ மருந்து என்ற அதிகாரத்தில் இச்சொல்லை எடுக்காமல், கற்றான் என்றும் தீர்ப்பான் என்றும் வினையின் வழியே அவனைக் காட்டினார். கற்பது அவன் தகுதி, தீர்ப்பது அவன் பணி. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் ஆயுள்வேதர் என்ற வடசொற்பெயரோடு ஒரு கூட்டத்தார் வாழ்ந்தார்கள். ஆக, காவிரி கடலில் கலக்கும் ஊரில் அன்றைக்கே இரண்டு மொழிகளும் நாடி பிடித்துக்கொண்டிருந்தன.

கல்வெட்டுகளுக்கு வந்தால் தஞ்சையே நமக்குச் சான்று தருகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசராசனின் தமக்கை குந்தவை, தந்தை சுந்தரசோழரின் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலையின் மருத்துவனுக்கு நிலம் கொடுத்தாள். அந்நிலத்துக்கு மருத்துவக்காணி என்று பெயர். ஆதுலர் என்பது நோயுற்றோரைக் குறிக்கும் ஆதுரர் என்ற வடசொல்லின் திரிபு. ரகரம் லகரமாகித் தமிழ் நாவுக்கு இசைந்துகொண்டது. காணியோ தூய தமிழ். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு சொல்லும் ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவனும் அறுவை செய்வானும் அங்கு உண்டு. நோயாளிகளைப் பேணப் பெண்டுகளும் உண்டு. ஆயினும் ஆதுலசாலைக்கு வெளியே, ஒவ்வொரு தெருவிலும் பிள்ளை பிறந்துகொண்டேயிருந்த வீடுகளில், மருத்துவம் என்ற சொல் வேறொரு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த வழிதான் நம் கதையின் நடுவிடம். நம் ஊர்களில் மருத்துவம் என்ற சொல்லுக்கே பேறு பார்த்தல் என்று ஒரு பொருள் உண்டு. "அவளுக்கு மருத்துவம் பார்த்தது இன்னார்" என்றால், நோய்க்கு மருந்து கொடுத்ததைச் சொல்லவில்லை, பிள்ளை எடுத்ததைச் சொல்கிறார்கள். இதை இன்றும் ஆண்டுதோறும் பலர் முன்னிலையில் உறுதி செய்யும் இடம் ஒன்று, இங்கிருந்து காவிரியில் சற்று மேலே போனால் இருக்கிறது: திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை. வெள்ளம் பெருகிய காவிரியைக் கடக்க முடியாமல் தாய் அக்கரையில் நிற்க, வலி கண்டு தவித்த செட்டிப்பெண்ணுக்கு அந்தத் தாயின் உருவிலேயே இறைவன் வந்து பேறு பார்த்தான் என்பது தலத்து மரபு. அதனால் அவன் தாயுமானவன். அந்நிகழ்ச்சியை நடத்திக் காட்டும் திருவிழாவின் பெயர் 'செட்டிப்பெண் மருத்துவம்'. அப்பெண்ணுக்கு நோயில்லை, நோய்க்கு மருந்தும் கொடுக்கப்படவில்லை. நடந்தது பேறு, பெயர் மருத்துவம். அகராதியில் மூன்றாம் பொருளாக ஒதுங்கி நிற்கும் வழக்கு, ஒரு பெருங்கோயிலின் விழாப் பெயரில் முதற்பொருளாக வீற்றிருக்கிறது. தாயுமானவன் என்ற பெயரில் உள்ள அந்த உம்மையையும் பாருங்கள்: தந்தையாக இருப்பவன் தாயும் ஆனான் என்பது எச்சவும்மை. கடவுளே ஆனாலும் பேற்றறைக்குள் நுழையப் பெண்ணுருவம் வேண்டும் என்று இம்மண் கருதியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இங்கிலாந்தில் அது நமக்குத் தேவைப்படும்.

அண்டை மொழிகள் இவளுக்கு இட்ட பெயர்களையும் அருகில் வைத்துப் பார்த்தால் தமிழின் தனித்தன்மை துலங்கும். கன்னடத்தில் சூலகித்தி, நம் சூலேதான், சூல் பார்ப்பவள். இப்பெயரைத் தம் பெயரின் முன்னொட்டாகவே தாங்கிய சூலகித்தி நரசம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மலையாளத்தில் வயற்றாட்டி, வயிறும் ஆட்டியும் சேர்ந்தது, மனையாட்டியில் உள்ள அதே ஆட்டி. தெலுங்கில் மந்திரசானி. ஒன்று கருவைப் பார்த்தது, ஒன்று வயிற்றைப் பார்த்தது, ஒன்று மந்திரத்தை நினைத்தது. தமிழ் மட்டும் உறுப்பையோ கருவையோ சொல்லாமல், ஒரு முழுக் கலையின் பெயரையே அவளுக்குக் கொடுத்தது. மருத்துவம் அறிந்தவள் எவளோ அவள் மருத்துவச்சி. அவள் அறிந்த மருத்துவத்தின் தலையாய பகுதி பேறு.

அவளுடைய சமூகத்துக்கும் மருத்துவர் என்பதே பெயர். ஆண்கள் முடி திருத்தினார்கள், கட்டி கீறினார்கள், புண்ணுக்கு மருந்து வைத்தார்கள். பெண்கள் பேறு பார்த்தார்கள். கத்தி பிடிக்கும் கைக்கே அறுவையும் உரியது என்ற முறை நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் 1540இல் முடி திருத்துவோரும் அறுவை செய்வோரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745 வரை ஒன்றாகவே இருந்தார்கள். அங்கே பிரிந்தபின் அறுவையாளருக்கு மதிப்பு கூடியது. இங்கே பட்டம் பெற்றவர்கள் மருத்துவர் என்ற பெயரை எடுத்துக்கொண்டபோது, அப்பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களுக்கு உரிய மதிப்பு அதோடு சேர்ந்து போகவில்லை. பேறு பார்த்தவளுக்கு அறுவடைக் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். ஊர்த்தொழிலாளருக்குக் களத்தில் கிடைக்கும் அந்த உரிமைப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். நாட்டு விடுதலைக்கு நாம் வழங்கும் சொல், அதற்கு முன்பே நெற்களத்தில் மரக்காலால் அளக்கப்பட்ட சொல். அதைக் கேட்டு வாங்கியவர்களுள் மருத்துவச்சியும் ஒருத்தி.

நெற்களம் என்றதும் நினைவுக்கு வருவது, பேற்றைக் குறிக்கும் நம் சொற்களில் எத்தனை வயலுக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருக்கின்றன என்பது. பயிர் சூல் கொள்கிறது, பெண்ணும் சூல் கொள்கிறாள். கதிர் ஈனுகிறது, பசுவும் ஈனுகிறது, தாயும் ஈன்றாள். ஆடிப்பெருக்கன்று குடமுருட்டிக் கரையில் கலந்த சாதங்கள் படைக்கும் பெண்கள், சூலுற்ற காவிரிக்கு மசக்கை என்று சொல்லியே படைக்கிறார்கள். அந்த மசக்கையைத்தான் பழந்தமிழ் வயா என்றது. உயிர்த்தல் என்ற சொல்லோ இன்னும் நுட்பமானது: மூச்சுவிடுதல் என்றும் பெற்றெடுத்தல் என்றும் இரு பொருளும் அதற்கு உண்டு, பிள்ளை முதல் மூச்சு விடுவதும் தாய் பெற்றெடுப்பதும் ஒரே கணத்தில் நிகழ்வதால், ஒரு வினையையே இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தது மொழி. திருக்கருகாவூரில் வெட்டாற்றங்கரைக் கோயிலுக்குப் போய் அம்மன் சந்நிதியில் விளக்கெண்ணெய் வாங்கி வயிற்றில் தடவிக்கொள்ளும் பெண்கள், அவ்வூர்ப் பெயரையே கரு, கா, ஊர் என்று பிரித்துப் பொருள் கொள்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் முடிபோல நிற்பது பேறு. பெறு என்ற வினையின் முதல் நீண்டு வந்த பெயர் அது. படு பாடு ஆனாற்போல, பெறு பேறு. செல்வம் பெறுவதும் பேறு, கல்வி பெறுவதும் பேறு, பிள்ளை பெறுவதும் பேறு. பிரசவம் என்ற வடசொல் வெளிப்படுதலைச் சொல்கிறது. பேறு என்ற தமிழ்ச்சொல் அடைதலைச் சொல்கிறது. இரண்டும் நம் வழக்கில் வேரூன்றியவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன் 1857இல் தமிழில் கொண்டுவந்த பேறு நூலுக்குப் பிரசவ வைத்தியம் என்று பெயர்; இரு சொல்லும் வடமொழி வழி வந்தவை. அதே ஈழத்தில்தான் மருத்துவிச்சி என்ற வடிவமும் மருத்துவமாது என்ற அழகிய பணிப்பெயரும் இன்றும் வழங்குகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனிக் கடலைத் தாண்டுவோம். ஆங்கிலத்தில் பேறு பார்ப்பவளுக்கு மிட்வைஃப் என்று பெயர். அதிலுள்ள மிட் நடு என்பதன்று. பழைய ஆங்கிலத்தில் உடன் என்று பொருள்படும் சொல். வைஃப் மனைவியன்று; அக்காலத்தில் வெறுமனே பெண். ஆக, அவள் உடனிருக்கும் பெண். நூல்வழக்கில் வரும் ஆப்ஸ்டெட்ரிக்ஸ் என்ற சொல்லின் இலத்தீன் மூலம், எதிரே நிற்பவள் என்று பொருள் தருவது. பிரெஞ்சுக்காரர் அறிவுடைய பெண் என்றார்கள். உடனிருத்தல், எதிரே நிற்றல், அறிதல் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் நாம் பார்த்தல் என்ற ஒரு வினையில் அடக்கினோம்: பேறு பார்த்தல், மருத்துவம் பார்த்தல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுதல். கண்ணால் காண்பதும் கையால் பேணுவதும் தமிழில் ஒரே வினை.

இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் பெண்ணுக்கே உரியதாக இருந்த அப்பெயரை, 17ஆம் நூற்றாண்டில் ஆண்கள் ஏற்கத் தொடங்கியபோது ஆங்கிலம் தடுமாறியது. ஆண் மிட்வைஃப் என்று ஒரு தொடர் பிறந்தது. தமிழில் சொன்னால் ஆண் மருத்துவச்சி. அந்தத் தொடக்க காலத்து ஆங்கிலப் பேறு மருத்துவருள் தலைசிறந்தவர் பெர்சிவல் வில்லபி. 1596இல் பிறந்து, டார்பி நகரில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்து, 1685இல் மறைந்தவர். குருதி உடலில் சுற்றிவருவதை நிறுவிய வில்லியம் ஹார்வியின் நண்பர். அவசரப்பட்டு இழுக்காதீர்கள், இயற்கை செய்வதைப் பொறுமையோடு பாருங்கள் என்பதே பேறு பார்ப்பவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை. நம் பார்த்தல் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். அவர் எழுதிவைத்த பேறுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் 1863இல்தான் அச்சேறின.

அக்குறிப்புகளில் 1658ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. வில்லபியின் மகளும் பேறு பார்ப்பவள். மேட்டுக்குடிப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை தலை முன்னாக வராமல் பிட்டம் முன்னாக வருகிறதோ என்று மகளுக்கு ஐயம் எழுந்தது. தந்தையிடம் கேட்டாள். ஆண் ஒருவன் பேற்றறைக்குள் வருவதை அந்தப் பெண் பொறுக்கமாட்டாள். ஆகவே, அறுபது வயதைக் கடந்திருந்த அம்மருத்துவர், கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து அறைக்குள் போனார். பார்க்க வேண்டியதைப் பார்த்தார். அப்படியே தவழ்ந்து வெளியே வந்தார். படுத்திருந்தவளுக்குத் தெரியவே இல்லை. மகள் பிள்ளையை உயிரோடு எடுத்தாள். மலைக்கோட்டையில் கடவுள் பெண்ணுருக் கொண்டு நுழைந்த அறைக்குள், இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் தவழ்ந்து நுழைந்தார். இரண்டு நாட்டாரும் ஒரே இடரை உணர்ந்திருந்தார்கள். நேர்வழி ஒன்றுதான்: பேறு பார்ப்பவளே முழு மருத்துவமும் கற்றவளாக இருத்தல். மருத்துவச்சி என்ற தமிழ்ச்சொல் தன் அமைப்பிலேயே வைத்திருந்த வழி அது.

அவ்வழியைத் திறந்த ஆங்கிலப் பெண்மணிக்குச் சென்னையே கல்விக்கூடம் ஆயிற்று என்பது நமக்குப் பெருமை. மேரி ஷார்லீப் 1845இல் இலண்டனில் பிறந்தார். அவரைப் பெற்ற சில நாள்களிலேயே தாய் இறந்துவிட்டார். 1865இல் வழக்குரைஞர் வில்லியம் ஷார்லீப்பை மணந்து சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற கட்டுக்குள் இருந்த பெண்கள், பேற்று நேரத்தில் சிக்கல் எழுந்தால் உதவியின்றி மாண்டுபோவதை இங்கே கேட்டறிந்தார். 1844இல் தொடங்கப்பட்ட சென்னைப் பிள்ளைப்பேறு மருத்துவமனையில் முதலில் பேறு பார்க்கக் கற்றார்; அதாவது, மருத்துவச்சியாகவே தொடங்கினார். அது போதாது என்று கண்டு மருத்துவப் படிப்பை நாடினார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபோரின் ஆதரவால், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 4 பெண்களுள் ஒருவரானார். பெண்களைச் சேர்ப்பதா என்று பல நாட்டுக் கல்லூரிகள் மறுத்துக்கொண்டிருந்த காலம் அது.

1878இல் சென்னைச் சான்று பெற்று இங்கிலாந்து சென்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1882இல் பட்டம் பெற்றார்; பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். வியன்னாவில் மேற்பயிற்சி முடித்து, விக்டோரியா அரசியைக் கண்டு பேசி, 1883இல் சென்னைக்குத் திரும்பினார். தாம் மாணவியாக இருந்த கல்லூரியிலேயே பேறு மருத்துவம் கற்பித்தார். 1885இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். உடல்நலம் குன்றி 1887இல் தாயகம் திரும்பியபின்னும் அவர் ஓயவில்லை. 1888இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தை முதல் பெண்ணாகப் பெற்றார். ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பெண்நோய் மருத்துவராக 1902இல் அமர்ந்தார். 1926இல் டேம் என்ற சிறப்புப் பெயர் பெற்று, 1930இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய மருத்துவமனையின் பெயரே ஒரு சொல்லாராய்ச்சிக்குப் போதுமானது. சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை என்பது ஆங்கிலப் பெயரின் சாரம். இதில் விக்டோரியாவையும் சாதியையும் மக்கள் உதிர்த்துவிட்டு, கோஷா ஆஸ்பத்திரி என்று சுருக்கிக்கொண்டார்கள். கோஷா என்ற பாரசீகச் சொல்லுக்கு மூலை என்று பொருள். மூலையில் ஒதுங்கியிருப்பவள், பிறர் கண்ணில் படாதவள் என்று அது விரிந்து, திரைமறைவுப் பெண்ணுக்குப் பெயராயிற்று. ஆஸ்பத்திரி, ஹாஸ்பிட்டல் என்பதன் தமிழ் உருவம். தொடக்கத்து ஹகரம் கரைந்து, ஈறு இகரமாகி, பத்திரி என்ற பழகிய ஒலியில் வந்து அமர்ந்தது. அதன் இலத்தீன் வேர் விருந்தினரைக் குறிப்பது. ஆக, பாரசீகமும் இலத்தீனும் தமிழ்நாவில் கைகோத்த அத்தொடரின் வேர்ப்பொருள், மூலையில் இருப்பவளுக்கு விருந்தகம். மருத்துவமனை பின்னர்ச் சேப்பாக்கத்துக்கு மாறி, விடுதலைக்குப்பின் கஸ்தூரிபா காந்தியின் பெயர் பெற்று, எல்லாப் பெண்களுக்கும் உரியதாகிவிட்டது; மூலையில் ஒதுங்குவோர் என்ற எல்லை போய்விட்டது; ஆனாலும் கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயர் சென்னை வாயிலிருந்து போகவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் பேற்றுக்குப் போகும் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையும் இத்தகைய கலவைதான்: ராசா வடமொழி வழி, மிராசு, மரபுரிமை என்று பொருள்படும் அரபு, தார், உடையவர் என்று பொருள்படும் பாரசீகம், மருத்துவமனை மட்டும் முழுத் தமிழ்.

இப்போது லேடி டாக்டரிடம் திரும்பலாம். லேடியின் பழைய ஆங்கில வடிவத்துக்கு அப்பம் பிசைபவள் என்று பொருள். டாக்டருக்கு இலத்தீனில் கற்பிப்பவர் என்று பொருள். வேரைத் தோண்டினால் பேறும் இல்லை, மருத்துவமும் இல்லை. ஷார்லீப் போன்றோர் வந்தபோது, டாக்டர் என்றாலே ஆண் என்றிருந்த நிலையில், வேறுபாடு காட்ட லேடி என்ற அடை தேவைப்பட்டது. அவர்கள் செய்த முதற்பணி பேறு பார்த்ததாகையால், அடை பணியின் பெயராக இறுகியது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய புதுக்கோட்டை முத்துலட்சுமி முதலாகப் பெண்கள் எல்லாத் துறைகளிலும் நிறைந்தபின் வேறுபாடு காட்டும் தேவை மறைந்தது. ஆனால் பேற்றோடு கொண்ட உறவு மட்டும் பெயரில் நின்றுவிட்டது. நினைத்துப் பாருங்கள்: மருத்துவன் என்ற பொதுச்சொல்லிலிருந்து பெண்பாலாகக் கிளைத்து, பேற்றில் சென்று தங்கியவள் மருத்துவச்சி. டாக்டர் என்ற பொதுச்சொல்லிலிருந்து பெண்பாலாகக் கிளைத்து, பேற்றில் சென்று தங்கியவர் லேடி டாக்டர். பிந்தியவர் நடப்பதற்கு வழியை முந்தியவள் முன்பே போட்டு வைத்திருந்தாள். ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு தமிழ்ப் பெண்கள் அவற்றைத் தம் பழைய இலக்கணத்திலேயே வாழவைத்தார்கள்.

எழுத்துத் தமிழும் சும்மா இருக்கவில்லை. மகவும் பேறும் சேர்ந்த மகப்பேறு இன்று பெயர்ப்பலகையிலும் அரசாணையிலும் ஒளிர்கிறது. பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் அரசுத் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரையும் மகப்பேறு என்ற சொல்லையும் ஒன்றாகவே தாங்கியிருக்கிறது. மகப்பேறு மருத்துவர் என்ற தொடரில் பால் காட்டும் விகுதி இல்லை. ஆணும் பெண்ணும் அதற்கு உரியர். அது நல்லது. ஆயின், அத்தொடரின் இரு பாதியும், மகப்பேறும் மருத்துவமும், மருத்துவச்சி என்ற ஒரே சொல்லுக்குள் முன்பே இருந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவளைப் படிக்காதவள் என்று ஒதுக்கும் வழக்கு ஒன்று பரவியிருக்கிறது. பள்ளி அவளுக்குத் திறந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. கற்பிக்கப்பட்ட கைகளில் தாயும் சேயும் பிழைப்பது மிகுதி என்பதற்காகவே ஷார்லீப் கல்லூரி வாயிலைத் தட்டினார்; அந்த வாயில் தம் மகளிருக்கும் பேத்தியருக்கும் திறக்கும் முன்பு, உள்ளதைக் கொண்டு ஊரைக் காத்தவர்கள் மருத்துவச்சிகள்.

ஆகவே சொல்லன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. அகராதி செய்வோர் மருத்துவச்சிக்குப் பிரசவம் பார்ப்பவள் என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், மருத்துவம் அறிந்த பெண் என்பதை முதற்பொருளாக எழுதட்டும். மருத்துவம் என்ற சொல்லின்கீழ்ப் பேறு பார்த்தலையும், அதற்குச் சான்றாகச் செட்டிப்பெண் மருத்துவத்தையும் சேர்க்கட்டும். நம் வீட்டு மூத்தவர்களிடம், தலைச்சன் பிள்ளைக்கு மருத்துவம் பார்த்தவர் யார் என்று கேட்டு, அவர் பெயரை எழுதி வைப்போம். பட்டம் பெற்று இன்று பேறு பார்க்கும் பெண்ணை மருத்துவச்சி என்று யாரேனும் மூதாட்டி அழைத்தால், அது குறைத்துச் சொன்னதாகாது. அவர் படித்த படிப்பு முழுவதையும், அதை அவர் எந்த நேரத்தில் எவருக்காகப் பயன்படுத்துகிறார் என்பதையும், ஒரே சொல்லில் சொன்னதாகும்.